பன்னு அண்ணனின் ஓட்டம்

"இந்தப் பவுடரைக் குடிச்சா யாருக்கும் கெடுதல் வராதே?"

பேக்கரிக்காரர் டப்பாவைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்து, பொடி எழுத்தைப் படித்தபடியே கேட்டார்.

"உங்களுக்கு ஒண்ணும் ஆகாது, அண்ணே. ஓடிட்டு வந்ததும் பால்ல கலந்து குடிங்க. அலுப்பே தெரியாது," என்றாள் கடைக்காரி.

"எனக்கு இல்லம்மா. யாருக்கும்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஏரிக்கரையில் ஓடுகிறவர்களை நம்பித்தான் அவள் சத்துப் பவுடர் கடை போட்டிருந்தாள். எல்லாருக்கும் அவள் 'பவுடர் அக்கா'. இப்படி ஒரு கேள்வியை அவளிடம் யாரும் கேட்டதில்லை.

அவர் டப்பாவைப் பதமாகத் திருப்பி வைத்தார். "வேண்டாம், தங்கச்சி. முட்டையும் கீரையும் போதும்."

அவளும் விடியலில் ஓடுகிறவள்தான். ஆரம்பத்தில் அவரைப் பார்க்கவே பாவமாக இருக்கும். தான் சுட்ட பன்னையெல்லாம் தானே தின்று தீர்த்தவர் மாதிரி ஒரு தொப்பை. ஒவ்வொரு பெஞ்சிலும் உட்கார்ந்து மூச்சு வாங்குவார். 'பன்னு அண்ணன்' என்று மற்றவர்கள் கேலி செய்தால் அவரும் சேர்ந்து சிரிப்பார். சிரித்துவிட்டு எழுந்து மறுபடி ஓடுவார்.

போகப் போகத் தொப்பை கரைந்தது. ஏரி மேல் பனி மிதக்கும் நேரத்தில், பாதிக் கண்ணை மூடிக்கொண்டு, எதையோ முணுமுணுத்தபடி போவார். அவர் பின்னால் ஓடும்போது அவளுக்குத் தன் கால் தரையில் படுகிற நினைப்பே இருக்காது. கரை, மரம், தண்ணீர் எல்லாம் கரைந்து, வெள்ளையில் அந்த முதுகு மட்டும் போய்க்கொண்டிருக்கும்.

"ஊர்ப் பந்தயத்துக்குத் தயாரா, அண்ணே?" என்று ஒருநாள் கேட்டாள்.

"எனக்குத் தேதி குறிச்சாச்சு, தங்கச்சி."

"பயமா இருக்கா?"

"பாதியில வேண்டாம்னு திரும்பி வர முடியாதே. அந்தப் பயம்தான்."

"நான் முடியிற இடத்துல நின்னு கை தட்டுறேன். என்னைப் பார்த்துக்கிட்டே வந்துடுங்க."

அவர் கண் கலங்கியதைப் பனி என்று நினைத்துக்கொண்டாள். அதன் பிறகு கடையில் சும்மா இருக்கும் போதெல்லாம் அவளுக்கு ஒரே காட்சிதான்: பனியைக் கிழித்துக்கொண்டு பன்னு அண்ணன் வருகிறார், ஊரே எழுந்து நிற்கிறது.

பந்தயத்தன்று அவர் வரவில்லை. கடைசி ஆள் நொண்டிக்கொண்டே வந்து சேர்கிறவரைக்கும் அவள் நின்று பார்த்தாள். பேக்கரியும் பூட்டிக் கிடந்தது. கடைசி நேரத்தில் பயந்து பின்வாங்கிவிட்டார் என்று அவளாகவே முடிவு கட்டினாள். மனசு விட்டுப்போயிற்று, பல வாரம் அவள் ஏரிப் பக்கமே போகவில்லை.

மறுபடி போன அன்று, பனிக்குள்ளிருந்து அவர் வந்தார். ஓடவில்லை. வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு அடிமேல் அடி வைத்து நடந்தார். பக்கத்தில் மெலிந்த ஒரு இளம்பெண், அவர் முழங்கையைப் பிடித்தபடி.

"ஏன் அண்ணே அன்னிக்கு வரலை? இத்தனை நாள் ஓடினதெல்லாம் வீணாப் போச்சே," என்றாள், மனத்தாங்கலை மறைக்காமல்.

அவர் சிரிக்கப் போய், வலியில் வயிற்றை அழுத்திக்கொண்டார். "என் மகள். அவகிட்டயே கேளு."

"வீணாப் போகலை, அக்கா," என்றாள் அந்தப் பெண். "ஈரல்ல கொழுப்பைக் கரைச்சுட்டு வந்தாத்தான் எடுப்போம்னு டாக்டர் சொன்னதாலதான் அப்பா ஓடினார். அந்த ஈரல்ல பாதி இப்ப எனக்குள்ள இருக்கு."