பச்சையாகாத காப்பு

உடம்பின் ரத்த அளவை நிறத்திலும் பேச்சிலும் சொல்லும், ஆஸ்பத்திரியில் மாட்டிவிட்ட ரத்தக் காப்பு பச்சையானால்தான் தாய்வீட்டிலிருந்து கிளம்பலாம் என்பது நர்ஸம்மாவின் கண்டிப்பு. குழந்தை பிறந்து நாற்பது நாளாகியும் நிறைமதியின் கையில் அது ஆரஞ்சைத் தாண்டவில்லை. புருஷனோ தினமும் போனில் ஏங்கிக்கொண்டிருந்தான்.

கடைசியில் அவளுக்கு ஒரு குறுக்குவழி தோன்றியது. முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா செண்பகத்திடம் போய் உட்கார்ந்தாள்.

"அம்மா, ரெண்டு நிமிஷம் இதப் போட்டுக்க. பச்சை வந்ததும் படம் எடுத்து நர்ஸம்மாவுக்கு அனுப்பிடுறேன்."

"அடி கள்ளி!" செண்பகம் சிரித்துக்கொண்டே கையை நீட்டினாள்.

மணிக்கட்டில் ஏறியதும் காப்பு கருஞ்சிவப்பாக மாறியது. "ரத்தம் மிகக் குறைவு. குழந்தை பிறந்து எத்தனை நாள்?" என்று கேட்டது.

"நாளா? வர்ற ஆவணியோட இருபத்தேழு வருஷம்," என்றாள் செண்பகம் வெள்ளந்தியாக. "எப்பவும் வர்ற கிறுகிறுப்புதான், அது கெடக்கு. ஈரல் ஆறுது, உனக்குன்னு வறுத்தது, சாப்புடு."

நிறைமதி அந்த ஈரல் தட்டை எடுத்து அம்மாவின் மடியில் வைத்தாள். காப்பைக் கழற்ற விடவில்லை. புருஷனுக்குப் போன் போட்டாள்.

"ஏங்க, நான் வர இன்னும் மூணு மாசமாகும். எங்கம்மாவுக்கு, என்னப் பெத்த உடம்பு இன்னும் தேறல."