பின்சீட்டுக்காரர்

அரிசோனாவில் கூரை மடக்குகிற கார் வைத்திருப்பவர்களுக்கெல்லாம் ஒரே வியாதி. மேலே கூரை இல்லாததால் மேடுபள்ளத்தில் வண்டியின் உடம்பே கிடுகிடுவென்று ஆடும். அந்த ஆட்டத்தில், பின்னால் பார்க்கிற கண்ணாடியில் என் பின்சீட் இருபது வருஷமாகக் கலங்கலாகத்தான் தெரிந்தது.

"பல்செட்டு கழண்டு விழுது. சரி பண்ணுய்யா கிழவா," என்றாள் என் மனைவி வெர்னா.

ஞாயிறு காலை வீட்டு வாசலிலேயே கதவுக் கீல்களின் போல்ட்டுகளை இறுக்கினேன். கதவோர ரப்பர்களை மாற்றினேன். நான்கு சக்கரமும் தரையில் நிற்க, ஆட்டம் நிற்க அடியில் இரும்புப் பட்டை பூட்டினேன். வண்டியை ஜாக்கியில் தூக்கிவைத்துப் பூட்டினால் உடம்பு வளைந்து, கதவு சரியாக மூடாது.

பிறகு ரயில் தண்டவாளத்தைத் தாண்டிப் பார்த்தோம். கண்ணாடி அசையவில்லை. பின்சீட்டில் தொப்பி போட்ட ஒருவர் தெளிவாகத் தெரிந்தார். திரும்பிப் பார்த்தால் சீட் காலி.

"வெர்னா, பின்னாடி யாரு?"

"செத்துப்போன எங்கம்மா. உன்னைக் கூட்டிட்டுப் போக வந்திருக்கா. ரோட்டைப் பாருய்யா!"

வீட்டுக்கு வந்ததும், கண்ணாடி பழையபடி கலங்கட்டும் என்று எல்லா போல்ட்டையும் தளர்த்தினேன். பட்டையைக் கழற்றிக் குப்பையில் போட்டேன்.

மறுநாள் வெர்னாவைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டியிருந்தது. வேறு வண்டி கிடையாது. அதே தண்டவாளத்தைத் தாண்டினோம்.

"பரவாயில்லையே, இன்னிக்கும் ஆடலை," என்றாள்.

கண்ணாடியில் பார்த்தேன். அவர் இரண்டு பக்கமும் நீளமாகக் கைநீட்டி, எங்கள் கதவுகளை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார்.