கெயின் இரண்டு

ப்ளூஸ் இசைக்கு இன்று காலை பத்து மணிக்கு விமோசனம் பிறந்தது என்பதை உலகத்தாருக்குத் தெரிவித்துக்கொள்கிறேன். அளித்தவர், வால்வ் ஆம்ப் என்ற புது ஒலிபெருக்கிப் பெட்டி வாங்கிய எங்கள் தெரு கிட்டார் மேதை. சாட்சியாக நாற்காலியில் நான் ஒருவன்தான்.

பதினொன்றுக்கு எனக்கு இன்டர்வியூ. எட்டு மாதத்தில் வந்த முதல் அழைப்பு.

"இந்த கெயின் திருகை ரெண்டுல வச்சிருக்கேன் சார். கரகரப்பு லேசா இருந்தாத்தான் ப்ளூஸ்." ஒரே ஒரு கம்பியை மீட்டினார்.

"பிரமாதம்ணே. நான் கிளம்பணும்."

"மனசுலேர்ந்து சொல்லலையே! இருங்க, மாட்யூலை மாத்துறேன்."

ஆம்ப்பை அணைத்து, உள்ளேயிருந்த சின்னப் பெட்டியை உருவி, வேறொன்றைச் செருகினார். வால்வ் சூடாக வேண்டுமாம். காத்திருந்தோம்.

இப்படியே நாலு பெட்டி. எதிர்க் கண்ணாடியில் தெரிந்த கடிகாரத்தில் மணி பத்தே முக்கால்.

"அண்ணே, இதுதாண்ணே ப்ளூஸ்! அழுகையே வருது!" என்றேன். நிஜமாகவே வந்தது.

அவருக்கும் கண் கலங்கிவிட்டது. "ரசிகன் சார் நீங்க! முழுப் பாட்டையும் வாசிச்சிடுறேன்."

கதவு திறந்துதான் கிடந்தது. ஓடியிருக்கலாம்.

ஆனால் அது சலூன். என் மீசையில் வலது பாதியை மட்டும்தான் அவர் எடுத்திருந்தார்.