ஹாரனுக்கும் விளக்குக்கும் நடுவில்

எலக்ட்ரீஷியன் வீட்டுக் கார் ஷெட் சுவரில் அவர் சேகரித்த தீ அலாரங்கள் தலைமுறை வரிசையில் தொங்குகின்றன. ஒவ்வொன்றின் கீழும் அது எந்த வருடம் முதல் எந்த வருடம் வரை புழங்கியது என்று எழுதிய சீட்டு. எலக்ட்ரீஷியன் பழைய சிவப்பு ஹாரனை அலறவிட, அலாரம் பைத்தியம் பிடித்த நண்பர்கள் காதைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள். காது கேளாத அவர் மனைவி அசையாமல் நிற்கிறாள். அடுத்தது வெளிச்ச அலாரம். வெள்ளை ஒளி பளீர் பளீரென்று வெட்ட, அவள் முகம் மலர்கிறது. "நம்ம ஹாஸ்டல் தீப்பிடிச்ச அன்னைக்கு இது இருந்திருந்தா, நான் புகைக்குள்ள மறுபடி மாடியேறி வந்து உன்ன எழுப்பியிருக்க வேண்டாம்," என்று அவளுடைய பழைய அறைத்தோழி சைகையில் சொல்கிறாள். மனைவி ஒரு சீட்டில் தோழியின் பட்டப்பெயரான 'குண்டூசி'யையும் அந்தத் தீ விபத்து நடந்த வருடத்தையும் எழுதி, ஹாரனுக்கும் விளக்குக்கும் நடுவில் ஒட்டுகிறாள். "எதுவரைக்கும்னு போடலையே?" என்று கணவர் விரல்களால் கேட்கிறார். அவள் விரல்கள் பதில் சொல்கின்றன: "இன்னும் சர்வீஸ்லதானே இருக்கா."