மூன்றாம் சுற்று ஆள்

“நல்லையாவா? ஐயையோ, அவன் பேச்சையே எடுக்காதீங்க! நேரா உதைச்சா பந்து பக்கவாட்டுல போகுது. கொஞ்சம் ஓடினா மூச்சு வாங்குது. கோலைக் காக்க அவனெல்லாம் ஒரு ஃபுல்-பேக்கா?”

பஸ் கம்பெனி அணியின் செயலாளர் பொன்னுதுரை இப்படிச் சொன்னதும், ரப்பர் கிடங்கு அணியின் செயலாளர் சேதுராமன் உஷாரானான்.

காஜா பெராங் கிளப்பில் வருடா வருடம் நடக்கிற கூத்துதான் இது. காலேஜ் படிப்பை முடித்த பந்தாட்டக்காரர்களைக் காலையில் ஆடவிட்டுப் பார்ப்பார்கள். மத்தியானம் கம்பெனிகள் சுற்றுக்கு ஓர் ஆளாக, முறை வைத்துப் பொறுக்கும். பொறுக்கப்பட்டவனுக்கு அணியில் இடம், கம்பெனியில் வேலை.

முதல் சுற்றில் போகிற சூரர்களை ஊருக்கே தெரியும். நடுச் சுற்றில்தான் சூது அத்தனையும். யார் கண்ணிலும் படாத நல்ல ஆள் ஒருவன் சிக்கிவிட்டால், மற்றவர்கள் கை வைக்காமல் இருக்க அவனைக் கன்னாபின்னாவென்று திட்டுவார்கள். வேண்டாதவனைத் தலைமேல் தூக்கிவைத்து ஆடுவார்கள். பொன்னுதுரை இதில் பழம் தின்று கொட்டை போட்டவர்.

போன வருடம் ஒருவனை “நொண்டிக் குதிரை” என்றார். சேதுராமன் நம்பி விட்டுவிட்டான். அடுத்த நிமிடமே அவனை அவரே எடுத்துக்கொண்டார். இறுதி ஆட்டத்தில் அந்த நொண்டிக் குதிரை கிடங்கு அணியைத் துவைத்துக் காயப்போட்டது.

மானேஜர் சேதுராமனைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார், “இந்த வருசமும் அந்த ஆளுகிட்ட ஏமாந்தே, உன்னை ஜொகூர் காட்டுக் கிளைக்கு மாத்திருவேன்.”

மெர்டேக்கா என்று சுதந்திரக் கொடி ஏறி ஒரு மாதம்தான் ஆகிறது. அந்தக் காட்டுப் பக்கம் இன்னும் ஊரடங்கு. போன வாரம்கூடக் காட்டுக்குள்ளிருக்கும் கம்யூனிஸ்டுகள் ரப்பர் லாரியை மறித்துச் சுட்டார்களாம். வீட்டில் வடிவாம்பாளுக்கு நிறைமாதம். அவளைக் கூட்டிக்கொண்டு அங்கே போவதைச் சேதுராமனால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

“மூணாவது சுற்று,” என்றார் கிளப் தலைவர் கலியாணசுந்தரம். “இந்தத் தடவை முதல் முறை ரப்பர் கிடங்கு. அடுத்தது பஸ் கம்பெனி.”

கிடங்கு அணியின் கோச் கருணாகரன் சேதுராமன் காதில் குனிந்தார். “கம்போங் செட்டிப் பையன் நடராஜனைச் சொல்லு. யாரும் அவனைக் கவனிக்கலே. கோல் பக்கம் பந்து கிடைச்சா அவன் விடமாட்டான்.”

பொன்னுதுரைக்குப் பாம்புக் காது. “நடராஜனா? தங்கமான ஆட்டக்காரன் தம்பி! யோசிக்காதே, எடுத்துக்க!”

சேதுராமனுக்குக் குப்பென்று வியர்த்தது. இந்த மனுஷன் புகழ்கிறாரா? அப்படியானால் நடராஜனிடம் என்னவோ கோளாறு இருக்கிறது.

“அவரைப் பாருங்கண்ணே,” என்று கோச்சிடம் கிசுகிசுத்தான்.

பொன்னுதுரையின் கையிலிருந்த கோப்பி தளும்பிச் சட்டையில் கொட்டியது. அதைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் சேதுராமனின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடு “முருகா, முருகா” என்றது.

“நல்லையாவை நாம எடுத்திருவோமோன்னு பயந்து சாகுறாருண்ணே.”

“அட, நான் என் கண்ணால பார்த்தேன்பா! அவன் பந்தை விட்டுட்டுப் புல்லை உதைக்கிறான்.”

“அப்படி ஆடச் சொல்லிக் கொடுத்ததே இவராத்தான் இருக்கும்.”

“ரப்பர் கிடங்கு, சீக்கிரம் சொல்லுங்கலா!” என்றார் தலைவர்.

நடராஜன் என்று சொல்லச் சேதுராமன் வாயெடுத்தான். ஜொகூர்க் காடு கண்முன் வந்தது. வாயை மூடிக்கொண்டான்.

பொன்னுதுரை எழுந்தே விட்டார். “தம்பி, சொன்னாக் கேளு. அந்த நல்லையா உனக்கு வேணாம். எடுத்துட்டு அப்புறம் என்னைத் திட்டக் கூடாது!” குரல் உடைந்துபோயிருந்தது.

இத்தனை பயத்தை நடித்துக் காட்ட முடியுமா? முடியவே முடியாது.

“நல்லையா!” என்று கத்தினான் சேதுராமன்.

பொன்னுதுரை நாற்காலியில் தொப்பென்று விழுந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். அடுத்த முறை அவருடையது. தலைவர் கேட்டபோது, “நடராஜன்” என்று ஈனஸ்வரத்தில் சொன்னார். கருணாகரன் தலையில் அடித்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

சேதுராமனுக்கோ போன உயிர் திரும்பி வந்திருந்தது. கூட்டம் கலைந்ததும் நேராகப் பொன்னுதுரையிடம் போனான்.

“என்னண்ணே, இந்த வருசம் நம்மகிட்ட பலிக்கலியா?”

பொன்னுதுரை சிவந்த கண்களைத் துடைத்துக்கொண்டு அவன் கைகளைப் பிடித்துக்கொண்டார்.

“நீ நல்லா இருப்பே தம்பி! என் மக ஜெயா கட்டினா நல்லையாவைத்தான் கட்டுவேன்னு சோறு தண்ணி இல்லாம கிடக்குறா. ‘வேலை இல்லாதவனுக்குப் பொண்ணு கிடையாது’ன்னு எம் பொண்டாட்டி ஒத்தக் காலுல நிக்குறா. நான் எடுத்தா என் டீமுல்ல தோத்துப் போகும்! இன்னிக்கு எவனும் அவனை எடுக்கலேன்னா என்ன பண்றதுன்னு எனக்கு உசிரே போயிருச்சு. தை மாசம் கல்யாணம். தங்கச்சி வடிவாம்பாளையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கிட்டு கண்டிப்பா வந்துரணும்!”

சேதுராமன் தன் கைகளை உருவிக்கொண்டான். “அப்போ… அவனைப் பத்தி நீங்க சொன்னதெல்லாம்?”

“சத்தியமா சொல்றேன் தம்பி, இன்னிக்கு நான் ஒரு பொய்கூடச் சொல்லலே.”