நாலு பக்கம்

ஆயிரத்து முந்நூற்று எண்பது ரூபாய்.

பரீட்சைக்குப் பணம் கட்டக் கடைசி நாள். அவன் கையில் பைசா இல்லை. சுபாஷினிதான் தன் காசைப் போட்டு அவனுக்கும் சேர்த்துக் கட்டினாள். "கூலி வந்ததும் குடுங்கண்ணே. நாம ஒரே க்ளாஸ்ல" என்றாள்.

ஒரே வகுப்புதான். பள்ளிச் சான்றிதழ் கேட்காத தொலைதூரக் கல்வி, பி.ஏ. தமிழ், முதல் வருஷம். ஞாயிற்றுக்கிழமை காலையில் போனில் பாடம். அவள் ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறவள். அவன் வெங்காயக் கிடங்கில் மூட்டை தூக்குகிறவன்.

இந்த ஞாயிறும் மூட்டை மேல் போனைச் சாய்த்து வைத்து உட்கார்ந்திருந்தான்.

"வந்த அசைன்மெண்ட்லயே ஒண்ணு என்னைத் தூங்க விடல" என்றார் மேடம். "வாசிக்கிறேன். எல்லாரும் கேளுங்க."

வாசித்தார்.

'மூட்டையை இறக்கிய பிறகும் கொஞ்ச நேரம் கழுத்து அதைச் சுமந்துகொண்டுதான் இருக்கும்.'

அவன் நிமிர்ந்தான்.

அவன் எழுதியது. நாலு பக்கம், ஒன்பது நாள். முப்பத்தைந்து வயதில் எழுத்துக் கூட்டப் பழகியவனுக்கு அவ்வளவு ஆகும். டைப் அடித்து ஏற்றிவிடச் சொல்லி சுபாஷினி கையில் கொடுத்திருந்தான். அவள் நின்றபடியே படித்துவிட்டு, "நீங்களாவா எழுதுனீங்க?" என்று கேட்டாள். அன்றைக்கு முழுக்க அந்தக் கேள்வி அவனுக்கு இனித்துக்கொண்டிருந்தது. நேற்று விசாரித்தபோதும், "ஏத்தியாச்சுண்ணே" என்றாள்.

தான் எழுதியதை இன்னொருவர் வாய்விட்டு வாசித்து இதுவரை அவன் கேட்டதில்லை.

பக்கத்தில் கடலை கொறித்துக்கொண்டிருந்த, கூட மூட்டை தூக்கும் பூமிராசுவின் தொடையில் தட்டினான். கேளு என்று போனைக் காட்டினான்.

'சாக்கின் மேல் அச்சடித்திருந்த எழுத்துகளைப் பார்த்துத்தான் என் அப்பா படிக்கப் பழகினார்.'

நீட்டிய கை அப்படியே நின்றது.

அப்பாவா?

'நான்' என்றல்லவா எழுதியிருந்தான்.

மேடம் கடைசிவரை வாசித்தார். 'நான்' வந்த இடத்திலெல்லாம் 'என் அப்பா' உட்கார்ந்திருந்தார். மற்றபடி ஓர் எழுத்து மாறவில்லை. அவன் ஒரு சொல்லைத் தப்பாகப் போட்ட இடத்தில்கூட அந்தத் தப்பு அப்படியே இருந்தது.

"சுபாஷினி, உங்க அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்க."

அவளுடைய அப்பா நகைக்கடையில் ஏசியில் உட்கார்ந்து கணக்கெழுதுகிறவர்.

"தேங்க்ஸ் மேடம்."

அவள் குரல் கம்மியிருந்தது. அப்பாவை நினைத்து அழுகிறாள் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டிருப்பார்கள். திரையில் கைதட்டும் படங்கள் வரிசையாக ஏறின.

அடுத்து மேடம் அவன் பெயரைச் சொன்னார். "நீங்க இன்னும் அனுப்பலையே. வேலை இருக்கும், புரியுது. நாலு வரியாவது எழுதப் பாருங்க. எழுத எழுதத்தான் வரும்."

பூமிராசுவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "என்னண்ணே, வீட்டுப்பாடம் எழுதலையா? முட்டி போடச் சொல்லப் போறாங்க."

போன் அதிர்ந்தது. சுபாஷினி.

எழுத்துக் கூட்டிப் படித்தான்.

'மன்னிச்சிருங்கண்ணே. எனக்கு எழுத நேரமே இல்ல. உங்களுக்கு வேற ஒண்ணு நானே எழுதி ஏத்திடுறேன். மேடம்கிட்ட எதுவும் சொல்லிராதீங்க. அந்த 1380 நீங்க தர வேணாம்.'

இரண்டாம் தடவை படித்தபோது கடைசி வரியை விட்டுக் கண் நகரவில்லை.

சட்டைப் பையில் நேற்று வாங்கிய வாரக்கூலி இருந்தது. ஆயிரத்து முந்நூற்று எண்பதை எண்ணினான். பூமிராசுவின் மடியில் வைத்து, சுபாஷினியின் நம்பரைக் காட்டினான்.

"இந்த நம்பருக்கு ஒன் போன்லருந்து போட்டு விடு."

"இப்பவேவா? க்ளாஸ் முடியட்டும்ண்ணே."

"முடியறதுக்குள்ள போடு."

பூமிராசு அவன் முகத்தைப் பார்த்தான். கடலைத் தோலை உதறிவிட்டுப் போனை எடுத்தான். எண்களை ஒவ்வொன்றாக அமுக்கினான்.

"வேற யாராவது பேசணுமா?" என்று மேடம் கேட்டுக்கொண்டிருந்தார். "இல்லன்னா முடிச்சிரலாம்."

"போயிருச்சுண்ணே" என்றான் பூமிராசு.

அவன் மைக்கைத் தொட்டான்.