கீழே

டாக்டரிடம் சொல்லப் பூங்கோதைக்கு அந்த ஒரு சொல்தான் வாயில் வந்தது. “கீழ வலிக்குது மேடம்.”

எடை மெஷின் காட்டிய தொண்ணூற்றிரண்டை எழுதிக்கொண்டிருந்த டாக்டர் நிமிரவே இல்லை. “இவ்ளோ வெயிட்ட வச்சுக்கிட்டு முட்டி வலிக்காம என்ன செய்யும்? மொதல்ல உடம்பக் குறைம்மா.”

முட்டியில்லை, கணவனோடு படுக்கும்போது வருகிற வலி என்று சொல்ல அவள் வாயெடுப்பதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

முட்டிக்கென்று டாக்டர் எழுதிக்கொடுத்த தைலத்தை வீட்டில் பார்த்த கணவன் தனசேகர் உருகிப்போனான். “ஆறு மாசமா ஒதுங்கி ஒதுங்கிப் போனது இதுக்குத்தானா? சொல்லியிருக்கலாம்ல?” தரையில் உட்கார்ந்து, அவள் காலை மடியில் எடுத்து வைத்து, வலிக்காத முட்டிகளில் பதமாகத் தேய்த்துவிட்டான்.

“இப்ப தேவலையா?”

இத்தனை பிரியத்துக்கு வேறென்ன பதில் சொல்வது? தலையாட்டினாள்.

அவன் சந்தோஷமாக எழுந்து போய்க் கதவைச் சாத்தினான்.